வாடை: இல்லை

செப்டம்பர் 4, வியாழன்

ஒரு வாரக் காய்ச்சலுக்குப் பிறகு இன்று வேலைக்குப் போனேன். போனதும் நல்ல சேதி. பின்னல் மெஷின் ஊசிக்குப் போட நான் ஆகஸ்டில் அனுப்பிய ஒரு கேன் எண்ணெயைத் திருப்பூர் வெண்பனி நிட்டிங்காரர்கள் ஒரு மெஷினில் ஓட்டிப் பார்த்துவிட்டார்களாம். ஊசி துருப்பிடிக்கவில்லை, துணியில் கறை இல்லை, சலவையில் சுத்தமாகப் போய்விட்டது. இனி ஒரு வரிசை மெஷின் முழுக்க ஓட்டப் பேரல் பேரலாக அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் தேறிவிட்டால் வருஷம் முழுக்க எங்கள் எண்ணெய்தான். வெளிநாட்டுக்குப் போகும் கைக்குழந்தைச் சட்டைகள் எல்லாம் என் எண்ணெய் பட்ட ஊசியில் பின்னப்படும்!

ஜனவரியில் பம்ப் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இது. இதுவரை ஒரு வரி எழுதவில்லை. இனி எழுதுவேன். பின்னாளில் யாராவது 'நாங்கள்தான் கண்டுபிடித்தோம்' என்று கிளம்பினால் முகத்துக்கு நேரே எடுத்துக் காட்டலாம்.

யாருக்கும் விளங்கும்படி எழுதி வைக்கிறேன். தேங்காய் எண்ணெயைச் சுத்தம் செய்யும்போது கொழுப்பு அமிலம் மிச்சமாகும். காங்கேயத்தில் அது காலங்காலமாகச் சோப்புக்காரர்களுக்குப் போகிறது. அதோடு ஆல்கஹால் (குடிக்கிறது இல்லை, எண்ணெய் மாதிரிக் கனத்த வகை) சேர்த்து, வினையை வேகப்படுத்தும் கேட்டலிஸ்ட் போட்டுச் சூடாக்கினால் இரண்டும் இணைந்து எஸ்டர் என்ற மெல்லிய எண்ணெயாகும். கூடவே தண்ணீர் பிரியும். அந்தத் தண்ணீரை வேக்கம் போட்டு, அதாவது உள்ளே வெற்றிடமாக்கி, உடனுக்குடன் இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆனதெல்லாம் மறுபடி அமிலமாகத் திரும்பும். மற்றவர்கள் கேட்டலிஸ்டாகக் கந்தக அமிலத்தை ஊற்றுவார்கள். எண்ணெய் கருப்பட்டி நிறத்தில் வரும், வெள்ளைத் துணிக்கு ஆகாது. நான் போடுவது கடுகு அளவுப் பழுப்பு உருண்டைகள். எங்கள் ஆட்கள் அவற்றை மணி என்கிறார்கள். மணி கரையாது, வடிகட்டி எடுத்து மறுபடி போடலாம், எண்ணெயும் வெள்ளை வெளேரென்று வரும்.

சிக்கல் ஒன்றுதான். கேனில் அனுப்பியது லேபில் கண்ணாடிக் குடுவையில் செய்தது. இனி ஆலையின் பெரிய ரியாக்டர் கலத்தில் செய்ய வேண்டும். எண்ணெயில் எவ்வளவு அமிலம் மிச்சம் இருக்கிறது என்பதைக் காட்டும் எண்ணுக்கு ஏ.வி. என்று பெயர். அது ஒன்றுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது வெண்பனியின் நிபந்தனை. "வரலீன்னா ரியாக்டரப் பழையபடி சோப்பு அமிலத்துக்கே திருப்பிப்போடலாம் அம்மிணி" என்று முதலாளி அர்த்தநாரி அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொல்வதெல்லாம் நடக்கும். நானும் பழையபடி ஊரார் எண்ணெயைச் சோதித்துச் சீட்டு எழுதும் கலாமணியாகிவிடுவேன். நடக்க விடமாட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ரியாக்டரில் முதல் ஓட்டம். ஏ.வி. ஆறில் வந்து உட்கார்ந்துகொண்டது. தள்ளினாலும் இறங்கவில்லை. ரியாக்டர் ஆபரேட்டர் ராக்கியண்ணன், "சூட்டைக் கொஞ்சம் ஏத்தட்டுங்களா?" என்றார். நூற்றிருபதைத் தாண்டினால் மணி செத்துவிடும் என்று சொல்லியும் அவர் கை வால்வை விட்டு நகரவில்லை. நான் முறைத்த பிறகு நகர்ந்தது.

லேபில் என்னோடு இருக்கும் சகாயமேரிக்கு மூன்றாம் மாதம். தூத்துக்குடிப் பெண், கல்யாணமாகி இங்கே வந்தவள். கை சுத்தம், வாய் அதைவிடச் சுத்தம், எதையும் மறைத்துப் பேசத் தெரியாது. இப்போது காலையில் லேபுக்குள் நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுகிறாள். மசக்கை படுத்துகிறது, பாவம்.

வீட்டில் காலையில் காபி போட்டுக் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். பால் கெட்டிருக்கிறதாம். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருப்பவருக்குப் பாலைப் பற்றி என்ன தெரியும்.

செப்டம்பர் 12, வெள்ளி

இரண்டாம் ஓட்டம். ஏ.வி. ஐந்தரை. எழுத வேறு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

இதுவரை ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சூடு, ஒரு நாள் ஆல்கஹாலின் அளவு, ஒரு நாள் மணியின் அளவு. இப்படிப் போனால் பொங்கல் வந்துவிடும். அதனால் ஒரு அட்டவணை போட்டு, ஒவ்வொரு ஓட்டத்திலும் மூன்றையும் சேர்த்தே மாற்றினேன். எது எதோடு ஒத்துப்போகிறது, எது எதோடு சண்டை போடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆல்கஹாலை அள்ளி ஊற்றினால் நல்லது என்று நினைத்தது தப்பு. அளவோடு ஊற்றி, வேக்கத்தை இறுக்கிப் பிடித்தால் தண்ணீர் சீக்கிரம் போகிறது. ஏ.வி. இரண்டரைக்கு இறங்கியது! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

இன்னொரு வெற்றியும் உண்டு. எஸ்டர் ஆன பிறகு, சேராமல் நிற்கும் மிச்ச ஆல்கஹாலை நீராவி விட்டு ஓட்டுவோம். அது எப்போது முடிந்தது என்று தீர்மானிப்பது என் மூக்கு. வடிகட்டித் தாளில் இரண்டு சொட்டு விட்டு மோந்து பார்ப்பேன். ஆல்கஹால் இருந்தால் ஊறிப்போன அட்டைப்பெட்டி வாடை அடிக்கும். வாடை நின்றால் நீராவியை நிறுத்தலாம். முன்பெல்லாம் இதற்கே பொழுது சாய்ந்துவிடும். இன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தாளில் ஒரு வாடையும் இல்லை. நிறுத்தச் சொல்லிவிட்டேன். நீராவியில் பாதி மிச்சம்! வேக்கத்தை இறுக்கியதால் வந்த பலன் என்று அண்ணனுக்கு விளக்கினேன். அவர் மூக்குப்பொடி டப்பாவைத் தட்டிக்கொண்டே, "அதானுங்க, படிச்சவங்க படிச்சவங்கதான்" என்றார்.

காங்கேயத்தில் என் மூக்குக்கு ஒரு பெயர் உண்டு. டேங்கர் மூடியைத் திறந்ததுமே, 'கொப்பரை பூசணம் பிடித்தது, வண்டியைத் திருப்பு' என்று சொன்னவள் நான். எங்கள் ஆலையில் நான் மோந்து 'வாடை: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் ஒரு பேரலுக்கும் சீல் விழாது. அண்ணன் வைத்த வழக்கம் அது.

செப்டம்பர் 23, செவ்வாய்

அவருக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. நான் அடுப்புப் பக்கம் போனால் பின்னாலேயே வந்து நிற்கிறார். கேஸ் குழாயை அமுக்கிப் பார்க்கிறார். நேற்று வைத்த குழம்பை எடுத்தால், "கொடு, நான் பாக்கறேன்" என்று கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கரண்டி எங்கே இருக்கிறது என்று தெரியாத மனுஷன். ரிடையர்மெண்ட் நெருங்கினால் ஆண்களுக்கு இப்படி ஆகும் போலிருக்கிறது.

காய்ச்சல் விட்டும் நாக்குக்கு ருசி வரவில்லை. உப்பும் புளிப்பும் தெரிகிறது, மற்றது தெரியவில்லை. காய்ச்சலென்றால் அப்படித்தான் இருக்கும்.

அக்டோபர் 3, வெள்ளி

ஆயுத பூஜை, விஜயதசமி முடிந்து இன்று ரியாக்டரை ஏற்றினோம். ஏ.வி. பதினான்கு! பதினான்கில் நின்றது நின்றபடி. இரண்டரையில் இருந்ததுதானே? அதே அமிலம், அதே ஆல்கஹால், அதே சூடு, அதே வேக்கம். ஒன்றும் புரியவில்லை. அண்ணன் லேப் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அக்டோபர் 4, சனி

கண்டுபிடித்துவிட்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

ஆயுத பூஜைக்கு ஆட்கள் ரியாக்டரைக் கழுவி, விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியது எனக்குத் தெரியும். நானே பொரி தின்றேன். ஆனால் ராக்கியண்ணன் அதோடு விடவில்லை. வேலை செய்யும் பொருள் எல்லாம் சுத்தமாகப் பூஜையில் இருக்க வேண்டும் என்று, மணியை மூட்டையோடு எடுத்துக் குழாயடியில் அரிசி களைவது மாதிரி மூன்று தண்ணீர் விட்டுக் களைந்திருக்கிறார்! அப்புறம் தாம்பாளத்தில் பரப்பி, பூ வைத்துக் கும்பிட்டிருக்கிறார்.

"நம்ம எண்ணெயே இதனாலதானுங்க. சாமிக்கு அழுக்கோடவா வெக்கறது?" என்றார்.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். தண்ணீரை விரட்டத்தான் இத்தனை பாடும். மணி வயிறு முட்டத் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தால் அமிலம் எங்கே போய் ஒட்டும்? பதினான்கு வந்ததே பெரிசு.

ஆனால் வண்டியில் வீட்டுக்கு வரும்போது ஒரு யோசனை வந்தது. மணி கம்பெனியிலிருந்து வரும்போதே ஈரமாகத்தான் வருகிறது. அப்படியே ஈரத்தோடு எடுத்து நான் உள்ளே போட்டிருக்கிறேன். ஐந்தரையில் முரண்டு பிடித்ததும் இரண்டரைக்குக் கீழே இறங்காததும் அதனால்தானோ? ரோட்டு ஓரத்தில் வண்டியை நிறுத்தி ராக்கியண்ணனுக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமை மணியை முதலில் காய வைக்கிறோம் என்றேன். "வெயில்லங்களா?" என்றார்.

அக்டோபர் 8, புதன்

வெயிலில் இல்லை. வெயிலில் போட்டால் மேலே காயும், உள்ளே ஈரம் நிற்கும். மணியை மட்டும் சூடான ஆல்கஹாலில் போட்டு வேக்கம் பிடித்தேன். ஆல்கஹால் உள்ளே நுழைந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. மணியின் வயிற்றில் இத்தனை தண்ணீரா என்று எல்லாரும் கண்ணாடிக் குழாயை எட்டிப் பார்த்தார்கள். தண்ணீர் நின்ற பிறகுதான் அமிலத்தை ஏற்றினேன்.

ஏ.வி. பூஜ்ஜியம் புள்ளி ஆறு.

மூன்று முறை சோதித்தேன். சகாயமேரியைத் தனியாகச் சோதிக்கச் சொன்னேன். அவளுக்கும் அதேதான். ரியாக்டர் மேடையிலிருந்து கீழே இறங்கி வரும்போது தரையில் கால் பாவவில்லை. இதை எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. என் ரியாக்டரில், என் ஆட்களின் பூஜையிலிருந்து, நானாகக் கண்டது. அண்ணன் எல்லாருக்கும் முறுக்கும் டீயும் வாங்கிக் கொடுத்தார். ராக்கியண்ணன் மட்டும், "நான் களையலீன்னா இது வந்திருக்குமுங்களா?" என்று கேட்டுக் கேட்டு இரண்டு டீ குடித்தார்.

அக்டோபர் 11, சனி

நேற்றும் மதியத்துக்கு முன்பே நீராவியை நிறுத்தச் சொல்லிவிட்டேன், இன்று பேரல்களில் எண்ணெய் நிரப்பியாயிற்று. தாளில் சொட்டு விட்டு மோந்தேன். ஒன்றும் இல்லை. 'வாடை: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சகாயமேரி வாசலில் நின்றபடியே, "அக்கா, இதுல வாடை அடிக்கில்லா? எனக்குக் குடலப் புரட்டுது" என்றாள்.

"உனக்கு இப்ப மல்லிகைப்பூ வெச்சாலும் குடலைப் புரட்டும்" என்றேன்.

"மசக்கைன்னு சொல்லுதிய. மசக்கைன்னா இல்லாத வாடையா வரும்? இருக்கற வாடைதான் கூட வரும்."

போய் மோர் குடி என்று அனுப்பிவிட்டேன். பெரிய சாதனை செய்த அன்று குற்றம் சொல்ல ஒரு ஆள் வேண்டும் போலிருக்கிறது. லாரி மதியம் கிளம்பியது. கேட் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ரவா லட்டுக்கு நெய்யில் ரவையை வறுத்தேன். நிறத்தைப் பார்த்துத்தான் இறக்கினேன், இருந்தும் கருகிவிட்டதாம். அவர் சொல்லவில்லை, ஒரு உருண்டையை முழுதாகத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தார். அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் காற்றில் அடுப்பு அணைந்து கேஸ் போய்க்கொண்டிருந்ததாம். நான் பக்கத்திலேயே நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வாசலில் பேசிக்கொண்டிருந்தவர் ஓடி வந்து மூடினார். ஜன்னலையெல்லாம் திறந்தார். என்னைப் பார்த்தார். நான் தேங்காயைத் துருவி முடித்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

வெண்பனி என் எண்ணெயை வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

போன் வந்ததும் நானே திருப்பூர் போனேன். தர மேலாளர் சதாசிவம் மரியாதையான மனிதர். ஊசியில் குறை இல்லை, கறை இல்லை, ஏ.வி. பிரமாதம் என்றார். பிறகு துணியை நீராவி காட்டி அழுத்தும் மெஷினுக்குக் கூட்டிப்போனார். துணி சூடாகி வெளியே வரும் இடத்தில் நிற்கும் பெண்கள் துப்பட்டாவை மூக்கில் கட்டியிருந்தார்கள்.

"நீங்களே பாருங்க மேடம். குழந்தை போடற துணி. எண்ணெய் சலவையில போயிருது, வாடை போகல, சூடு பட்டா நாறுது" என்று ஒரு துண்டை என் கையில் கொடுத்தார். சூடான துணி, பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் முகத்தைச் சுளித்தேன்.

சுளிக்க வேண்டும் என்று தெரிந்ததால் சுளித்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

பேரல்கள் திரும்பி வந்துவிட்டன. அண்ணன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் மூக்கைப் பொடி எப்போதோ தின்றுவிட்டது, அவரால் எதையும் மோந்து சொல்ல முடியாது.

"நீங்க மோந்து பாத்துத்தானுங்க கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமாங்கண்ணா."

"உங்க மூக்குல தப்பு வராது. அப்பறம் நடந்ததுதான். பேரல்ல ஊத்தறப்ப நின்னது அந்த சகாயமேரிப் புள்ளதானுங்களே? கழுவாத ஆல்கஹால் பேரல்ல ஊத்திப்போட்டாளாட்ட இருக்குது. மசக்கைக்காரி, கவனம் எங்கயோ. இந்த வாரத்தோட நின்னுக்கட்டும், பெத்துப் பொழைச்சு வந்தப்பறம் பாக்கலாம். ரியாக்டரையும் சோப்பு அமிலத்துக்குத் திருப்பச் சொல்லிட்டேன்."

"யோசிச்சுச் சொல்றேங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? லேபில் அவள் தலையைக் குனிந்து குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

காலையில் எல்லாருக்கும் முன்னால் லேபுக்குப் போனேன். மேஜையில் வரிசையாக வைத்தேன். வீட்டிலிருந்து கொண்டுபோன பெருங்காயம், சூடம், கொஞ்சம் மண்ணெண்ணெய், கொழுப்பு அமிலம், ஆல்கஹால். ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து மோந்தேன். பெருங்காயம் மஞ்சள் கல். மண்ணெண்ணெய் தண்ணீர். அம்மோனியா பாட்டிலைத் திறந்தபோது கண் எரிந்தது, மூக்கு சுருக்கென்றது, அவ்வளவுதான், வாடை என்று ஒன்று வரவில்லை.

எனக்கு மூக்கு போய்விட்டது. காய்ச்சலோடு போயிருக்கிறது. எனக்கு அது செப்டம்பரிலேயே தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன். இதோ எழுதிவிட்டேன்.

நீராவி பாதி மிச்சமானது என் கெட்டிக்காரத்தனம் இல்லை. ஆல்கஹால் உள்ளே இருக்கும்போதே நிறுத்தச் சொன்னேன். தாளில் வாடை இல்லை என்றால் எண்ணெயில் இல்லை என்று அர்த்தமில்லை, என்னிடம் இல்லை என்றும் அர்த்தம்.

அண்ணன் வந்ததும் அறைக்குப் போய் நின்றுகொண்டே சொன்னேன். சகாயமேரியைத் தொடக்கூடாது, அவள் சொன்னதை நான்தான் கேட்கவில்லை என்றேன். அவர் பொடி டப்பாவை மூடிவிட்டார். அவர் அதை மூடி நான் பார்த்ததில்லை.

"ரெண்டு மாசமா சொல்லாம இருந்தீங்களே அம்மிணி."

"ஆமாங்கண்ணா. அது தப்புதான். ஆனா மணியக் காய வெச்சது தப்பில்லீங்க. அந்த எண்ணெய் நல்ல எண்ணெய். கடைசியா ஒரு கை ஆவி விடாத குறை. திரும்பி வந்த பேரல எனக்குக் குடுங்க, சரி பண்ணித் தர்றேன். வெண்பனியில நானே போய்ச் சொல்லிக்கறேன். முடியலீன்னா நானே நின்னுக்கறேன், அந்தப் புள்ள எதுக்கு நிக்கோணும்?"

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மோனியா என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்கவில்லை. அண்ணன் எழுந்து வாசலுக்குப் போனார். பிறகு ராக்கியண்ணனைக் கூப்பிட்டு, ரியாக்டரை இப்போதைக்குத் திருப்ப வேண்டாம் என்றார்.

வீட்டில் அவரிடம் சொன்னேன்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா? ஏனுங் மாமா, அப்பறம் ஏன் சொல்லலீங்க?"

"உன்ற மூக்கப் பத்தி உன்றகிட்டயே பேச எனக்கென்ன தலையெழுத்தா? ஊருக்கே அது பெருசு. நீயா சொல்லுவீன்னு இருந்தேன். அதுவரைக்கும் கேஸ் மட்டும் பாத்துக்கிட்டேன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது போய்விட்டது.

அக்டோபர் 31, வெள்ளி

சகாயமேரியிடம் மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது பழக்கமில்லாத வேலை. மசக்கை என்று வாயடைத்தது தப்பு என்றேன்.

"நான் அன்னைக்கே சொன்னேம்லாக்கா" என்றாள்.

"சொன்னே."

"காதுல வாங்கலியே."

"வாங்கலை."

"சரி, விடுங்க. இனிமே வாடைன்னு எழுதுத எடத்துல என் கையெழுத்துத்தான் வரணும். சகாயமேரின்னு முழுசா."

சரி என்றேன். இந்தக் காலத்துப் பெண்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

ஈரோட்டில் மூக்கு டாக்டரையும் பார்த்தாயிற்று. வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பார்க்கலாம் என்றார். இதைச் சொல்ல அவர் இத்தனை படித்திருக்க வேண்டாம்.

நவம்பர் 5, புதன்

திரும்பி வந்த பேரல்களை ரியாக்டரில் ஊற்றி, மறுபடி நீராவி விட்டேன். இந்த முறை இரண்டு காவல் வைத்தேன். ஒன்று, எண்ணெயைக் கிண்ணத்தில் சூடாக்கி, மேலே சின்னச் சுடரைக் காட்டி, எந்தச் சூட்டில் பற்றுகிறது என்று பார்க்கும் கருவி. ஆல்கஹால் மிச்சம் இருந்தால் சீக்கிரமே பக்கென்று பிடிக்கும். லேபில் அது வெகு நாளாகத் தூசி படிந்து கிடந்தது, மூக்கு இருக்க மெஷின் எதற்கு என்ற திமிர்தான் காரணம். இரண்டாவது காவல் சகாயமேரி. ஆலைக்குள் நின்றால் அவளுக்கு எல்லாமே நாறும் என்பதால் கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ராக்கியண்ணன் தாளில் சொட்டு விட்டுத் தட்டில் ஏந்திக்கொண்டு போவார். அவள் மோந்துவிட்டுத் தலையை ஆட்டுவாள். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மதியம் நான் நிறுத்தியிருப்பேன். அவள் விடவில்லை. கருவியும் அவள் பக்கம்தான் பேசியது. பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டும் ஒன்றாகச் சரி என்றன. ஏ.வி.யைப் பார்த்தேன், பூஜ்ஜியம் புள்ளி ஆறு அசையவில்லை. அந்த எண் என்னுடையது, என்றைக்கும் என்னுடையதுதான்.

சீட்டில் அவள் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கொஞ்சம் கோணல்.

நவம்பர் 13, வியாழன்

நானும் சகாயமேரியும் அண்ணன் காரில் திருப்பூர் போனோம். எண்ணெய் ஒரு வரிசை மெஷினில் ஓடி, துணி அழுத்தும் மெஷினுக்கு வந்திருந்தது. போன வாரமே போனில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தும், சதாசிவம் பழக்க தோஷத்தில் சூடான துணியை என்னிடமே நீட்டினார்.

நான் கையைக் கட்டிக்கொண்டேன். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "எனக்கு வாடை தெரியாதுங்க. காய்ச்சல்ல மூக்கு போயிருச்சு. எண்ணெய் செஞ்சது நான், மோந்து சொல்றது இவங்க. சகாயமேரி, எங்க லேபு கெமிஸ்ட்" என்றேன். மெஷின் பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நிமிர்ந்து நான் நின்றதில்லை.

சகாயமேரி துணியை வாங்கி முகத்தில் அழுத்தி மூச்சை இழுத்தாள். விடவில்லை. மறுபடி இழுத்தாள். வாந்தி வரப்போகிறதோ என்று அண்ணன் ஒரு அடி பின்னால் போனார். அவள் துணியைக் கீழே இறக்கி, "ஒண்ணுமில்ல" என்றாள். சதாசிவம் தானும் மோந்து பார்த்தார், மெஷின் பெண்களிடமும் கொடுத்தார். அவர்களில் ஒருத்தி கழுத்தில் கிடந்த துப்பட்டாவை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள். சதாசிவம் அண்ணனைப் பார்த்து, "ஜனவரியிலிருந்து அனுப்புங்க, வருஷம் பூரா" என்றார்.

வருஷம் பூரா! அண்ணன் பதில் சொல்ல மறந்து பொடி டப்பாவைத் தேடினார்.

கிளம்பும்போது, அந்தத் துணியில் தைத்த முதல் சட்டை ஒன்றைச் சகாயமேரிக்குக் கொடுத்தார்கள். இரண்டு உள்ளங்கை அகலம்கூட இல்லாத வெள்ளைச் சட்டை. காரில் அவள் அதை மடியில் விரித்து வைத்துத் தடவிக்கொண்டே வந்தாள். திருப்பூர் தாண்டியதும் மறுபடி எடுத்து மோந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரியாத ஒன்றை இன்னொருத்தரிடம் கேட்பது எனக்கு எப்போதுமே வராது. இன்றைக்குக் கேட்டேன்.

"எப்படி இருக்குது, சொல்லு."

அவள் சட்டையை மூக்கிலிருந்து எடுத்தாள். "அரிசி களஞ்ச கையி ஈரமா இருக்கும்லாக்கா, அது மாதிரி. லேசா. இருக்கா இல்லையான்னு தெரியாத மாதிரி" என்றாள்.

நான் சட்டையை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டேன். வீடு வரும்வரை அவள் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.